சின்ன ஊரில் படம் சொதப்பும்போது: பாலிக் பூலாவ், நிபோங் திபால் வெளிச்சக் கோளாறுகள்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனிலேயே படம் பிடித்துப் பழகியவர்கள் முதல் முறை பாலிக் பூலாவ் போய்விட்டு வந்ததும் "கேமராவில் ஏதோ கோளாறு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். லென்ஸைக் கழற்றி சர்வீசுக்கே கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள், கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பல வருடங்களாகச் சனி, ஞாயிறுகளில் இரண்டு ஊர்களுக்கு மாறி மாறிப் போய்வருகிறேன். தீவின் மேற்கே பாலிக் பூலாவ், பெருநிலத்தில் செபராங் பிறையின் தென்கோடியில் நிபோங் திபால். கெட்டுப்போன என் படங்களை ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கேமராவைத் தப்பாக வைத்ததால் கெட்டவை கொஞ்சம்தான். தப்பான நேரத்தில் தப்பான பக்கம் பார்த்து நின்றதால் கெட்டவையே அதிகம். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் எங்கே நின்றீர்கள், மணி என்ன என்று கேட்கிறேன். பொத்தான்களுக்கு அப்புறம் வரலாம்.

விடிந்ததுமே போய்விட்டேன், ஆனால் எல்லாப் படமும் நீலம் பாய்ந்த சாம்பலாக இருக்கிறது

பாலிக் பூலாவில் எடுத்தீர்களா? அப்படியானால் கேமரா நன்றாகவே இருக்கிறது. வெயில்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஊரின் பெயருக்கே தீவின் பின்புறம் என்றுதான் பொருள். கொடிமலையும் அதன் தொடரும் ஊருக்குக் கிழக்கே சுவர் போல நிற்கின்றன. பினாங்கில் சூரியன் உதிப்பது மாதத்தைப் பொறுத்துக் காலை 7 மணியிலிருந்து 7:35 வரை. அது ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு. மலை தாண்டி பாலிக் பூலாவ் கடைத்தெருவில் வெயில் விழ இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஊர் முழுவதும் மலையின் நிழலில் கிடக்கும். வெளிச்சம் இருக்கும், ஆனால் அது நீல வானத்திலிருந்து இறங்குகிற வெளிச்சம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். நேர் வெயிலின் நிறம் 5500 கெல்வினை ஒட்டி இருக்கும் என்றால், இந்த நிழல் வெளிச்சம் 7000, 8000 வரை போகும். நீலம் வந்தது அதனால்தான்.

செய்ய வேண்டியது: கேமரா நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து, வீடும் நிழலும் போட்ட குறிக்கு மாற்றுங்கள். கெல்வின் எண் கொடுக்க முடிந்தால் 7000. சாம்பல் தட்டையாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து நிறத்தை ஏற்றினால் பச்சை மட்டும் கத்தும், மற்றவை அப்படியே கிடக்கும். அதைவிட அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற படத்தை எடுக்கலாம். கடைக்காரர் மரப்பலகைக் கதவை மடக்குவது, பழையவர்களின் முகங்கள், ஈரம் காயாத ஐந்தடி (கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதை) என்று நிழல் விழத் தேவையில்லாதவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்காது.

வெயில்தான் வேண்டும் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இது பிடிபட மூன்று வருடம் ஆனது. வெயில் முதலில் ஊரில் விழாது. மலையிலிருந்து தள்ளி இருக்கும் கடலோரப் பக்கம், சுங்கை பூரோங் வயல்களில்தான் முதலில் விழும். சூரியன் ஏற ஏற மலையின் நிழல் சுருங்கும். வெயில் வயலிலிருந்து ஊரை நோக்கி நடந்து வரும். ஆகவே முதலில் வயலுக்குப் போங்கள். நிழலின் விளிம்பு நெல் மேல் நகர்வதை எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் வெயிலும் நீங்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வீர்கள்.

நிபோங் திபாலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தரை சமம். புக்கிட் பாஞ்சோர் இருந்தாலும் இப்படித் தலைக்கு மேல் நிற்காது. பாலிக் பூலாவ் பழக்கத்தில் நிதானமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினால், கிரியான் ஆற்றின் மேல் கிடக்கும் மெல்லிய பொன் வெளிச்சம் போயே போய்விடும். அங்கே உதயத்துக்கு முன்பே ஆற்றோரம் நின்றாக வேண்டும்.

வானம் வெள்ளையாக எரிந்துவிட்டது, அல்லது தெரு கறுப்பாகிவிட்டது

காலையில் கிழக்கு நோக்கி நின்றிருப்பீர்கள். வயலும் பின்னால் மலையும் சேர்ந்த படம் எல்லோருக்கும் வேண்டும், ஆனால் காலை 9 மணிக்கு அந்த மலை உங்களுக்குத் தன் முதுகைத்தான் காட்டும். சூரியன் அதன் பின்னால். எந்த கேமராவும் அதைச் சமாளிக்காது. சாயங்காலம் 5 மணிக்குப் பிறகு அதே வரப்பில் நின்று பாருங்கள்: வெயில் கடல் பக்கத்திலிருந்து உங்கள் முதுகைத் தாண்டிப் போய் மலையில் மடிப்பு மடிப்பாக விழும். காலையில் திரும்பி நின்று, வெயில் படுகிற சுவர்களை எடுங்கள். தெருவின் எந்தப் பக்கத்துக் கடைகளுக்குக் காலை வெயில், எந்தப் பக்கத்துக்கு மாலை வெயில் என்று ஒரு முறை நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். வருடம் முழுவதும் அது பெரிதாக மாறாது.

நகர முடியாத நிலை என்றால், எடுத்துக்காட்டாகத் தேர் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது என்றால், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, வானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் இடிக்காமல் பார்த்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள். இருண்ட தெருவிலிருந்து விவரத்தை மீட்கலாம். எரிந்துபோன வானத்தில் மீட்க ஒன்றுமே இருக்காது. கைப்பேசியில் வானத்தைத் தொட்டுவிட்டு விரலைக் கொஞ்சம் கீழே இழுத்தால் அதே வேலை நடக்கும். அதற்கு முன் கைப்பேசி கேமராவின் கண்ணாடியைச் சட்டையில் துடையுங்கள். "எதிர்வெயிலில் படம் மங்குகிறது" என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அதில் ரொட்டி சானாய் எண்ணெய்தான் இருந்தது.

வெள்ளை வேட்டி அழுக்காக வருகிறது

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். சட்டம் (படத்தின் நான்கு எல்லைக்குள் வருவது) முழுக்க வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் என்றால் இரண்டையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் ஈட்டை (+/− குறி போட்ட அமைப்பை) ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றுங்கள். கறுத்த மரக்கதவு சட்டத்தை நிறைத்தால் ஒன்று இறக்குங்கள். நம்மவர் முகத்துக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். கன்னத்தில் அளந்து அதற்கே வையுங்கள். வானம் வெளுத்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும்.

முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி

உச்சி வெயில். ஆனால் பினாங்கில் உச்சி வெயில் எப்போது என்பதிலேயே பலரும் ஏமாறுகிறார்கள். மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். கடிகாரம் கிழக்கின் கணக்கில் ஓடுகிறது, தீவோ மேற்கே கிடக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 1:05 முதல் 1:30 வரை. "பன்னிரண்டு தாண்டியாச்சு, இனி வெயில் சாயும்" என்று மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு 1 மணிக்கு வெளியே வந்தால் மிக மோசமான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். காலை 11:20-லிருந்து மாலை 3:20 வரை முகம் எடுக்க வெளியே லாயக்கில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தையொட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடும். விளக்குக் கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது.

வழி என்ன? ஆளை ஐந்தடிக்குள் கூப்பிடுங்கள், ஆனால் உள்ளே ஆழமாகப் போக விடாதீர்கள். தெருவிலிருந்து ஓர் எட்டு உள்ளே நின்று தெருவைப் பார்க்கட்டும். எதிர்ச்சாரியில் வெயில் விழுந்த வெளிர் சுவர் இருந்தால் அது உங்களுக்கு இலவசமாக ஒரு பெரிய விளக்கு. கண்ணில் சின்ன ஒளிப்பொட்டு விழும், குழி காணாமல் போகும். பின்னணியில் வெயில் தெரு வராமல் சட்டத்தைக் கட்டுங்கள். ஐந்தடிக்கும் தெருவுக்கும் நான்கு, ஐந்து ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கப் போனால் கைப்பேசியின் எச்டிஆர் செய்வது போல எல்லாமே மாவு பூசினாற்போல் ஆகிவிடும்.

மதியத்தில் வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் முகத்தை விட்டுவிட்டுத் தகரக் கூரை, சுவரில் விழும் சாய்ப்புப் பலகை நிழல், உலரப்போட்ட ஜாதிக்காய் என்று போகலாம். பாலிக் பூலாவில் ஜாதிக்காய்க்குப் பஞ்சமில்லை.

பத்துப் படம், பத்து விதமான வெளிச்சம்

மேகம் போய் மேகம் வரும் நாளில் இது நடக்கும். இங்கே பாதி நாள் அப்படித்தான். ஒரே கடையின் முன் ஐந்து நிமிடத்தில் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று வெளுப்பு.

முதலில் வொயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். 5500, அவ்வளவுதான். ஆட்டோ ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக யோசிக்கும். கடைக்காரர் சிவப்புப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தால்கூட நிறத்தை மாற்றும். பூட்டிவிட்டால் தப்பு வந்தாலும் எல்லாப் படத்திலும் ஒரே தப்பாக வரும், ஒரே தடவையில் திருத்தலாம்.

அடுத்து எக்ஸ்போஷர். முழு வெயிலுக்கும் கனத்த மேக நிழலுக்கும் ஏறக்குறைய மூன்று ஸ்டாப் வித்தியாசம். நான் செய்வது பழைய ஃபிலிம் காலத்து வேலை. ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 200, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை எஃப் 8 என்று நிறுத்திவிடுவேன். வெயிலுக்கு ஷட்டர் 1/800, மேகத்துக்கு 1/100. டயலில் ஒன்பது கிளிக். கண்ணை எடுக்காமலே விரல் திருப்பிவிடும். கேமராவை மேனுவலில் வைக்கப் பயமாக இருந்தால் அப்பர்ச்சர் முறையில் வைத்து ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்காமல் கட்டிவிடுங்கள். அதுவும் ஓடும். ஆனால் வெள்ளை வேட்டி கதை இதிலும் வரும்.

மூன்றாவது வழி காத்திருப்பது. மேகத்தின் விளிம்பைப் பார்த்தால் இன்னும் எத்தனை நிமிடம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேலே வெயில், தூரத்தில் கருமேகம் என்று மழைக்கு முன் ஒரு வெளிச்சம் வரும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும் சாயங்காலங்களில் அது அடிக்கடி கிடைக்கும். அதற்காக நான் கல்யாண வீட்டுச் சாப்பாட்டையே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். இடி கேட்டால் மட்டும் வயல் நடுவில் நிற்க வேண்டாம்.

சந்தையில் எடுத்த ஆட்கள் நீலமாக, பச்சையாக இருக்கிறார்கள்

காலைச் சந்தையில் நீலத் தார்ப்பாய், சிவப்புக் குடை. வெயில் அவற்றின் வழியே இறங்கினால் கீழே இருக்கும் எல்லார் மேலும் சாயம்தான். செம்பனைத் தோட்டத்துக்குள் லயத்துப் பிள்ளைகளை எடுத்தால் இலையின் பச்சை கன்னத்தில் ஏறும்.

வொயிட் பேலன்ஸ் இதைத் தீர்க்காது. பாதி முகம் தார்ப்பாய் நீலம், பாதி முகம் வெயில் மஞ்சள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஆளை நகர்த்தத்தான் வேண்டும். நிபோங் திபாலில் கீரை விற்கும் ஓர் அக்காவிடம் "அக்கா, ஒரு எட்டு முன்னால வாங்க" என்றேன். "என்ன தம்பி, என் கீரை வாடினாப் பரவாயில்ல, நான் வாடணுமா?" என்றார். கடைசியில் அவர் நகரவில்லை, நான்தான் நகர்ந்தேன். அந்த நீலத் தார்ப்பாயும் சட்டத்துக்குள் வரும்படி பின்னால் போய் எடுத்தேன். சாயத்துக்குக் காரணம் படத்திலேயே தெரிந்துவிட்டால் கண் அதை மன்னித்துவிடுகிறது. அதுவும் ஒத்துவராவிட்டால் கறுப்பு வெள்ளை.

மாலையில் பொன்னாக இருந்தது, படத்தில் வெறும் வெள்ளை

இதிலும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ்தான் குற்றவாளி. பொன்னிறத்தைக் கோளாறு என்று நினைத்துக் கழுவிவிடுகிறது. சூரியன் படம் போட்ட குறிக்கு மாற்றினால் பொன் திரும்பிவிடும்.

இன்னொரு காரணம், நேரம் போதாமல் போவது. வெளிநாட்டு நூல்களில் பொன்வேளை ஒரு மணி நேரம் என்று படித்துவிட்டு வருகிறோம். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை டிகிரி பக்கத்தில். சூரியன் இங்கே சறுக்கி இறங்காது, கிணற்றில் வாளி போல நேராக இறங்கும். மணிக்கு 15 டிகிரி. கடைசி 6 டிகிரியைக் கடக்க ஏறக்குறைய 25 நிமிடம்தான் ஆகும். அஸ்தமனம் 7:30 என்றால் 7 மணிக்கு நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, சட்டம் கட்டி முடித்திருக்க வேண்டும். துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நான் இழந்த பொன்மாலைகளுக்குக் கணக்கில்லை.

படம் முழுக்கப் புகை மண்டிய மாதிரி

காலையில் மட்டும் வந்து பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிறதா? அது ஏர்கான் செய்த வேலை. நம் ஊர்க் காலைக் காற்றில் அவ்வளவு ஈரம். 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். குளிரூட்டிய காடியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த லென்ஸ் கதவு திறந்ததும் வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். லென்ஸைக் கழற்றினால் உள்ளேயும் ஈரம் போகும். பையை மூடியபடியே வைத்து இருபது நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் கடைசிப் பத்து நிமிடப் பயணத்துக்கு ஏர்கானை அணைத்துச் சன்னலைத் திறந்துவிடுங்கள். என் மனைவிக்கு இந்த வழி பிடிக்கவில்லை. வீட்டில் கேமராவை ஈரம் 40, 50 விழுக்காட்டில் நிற்கும் டிரை பாக்ஸில் வையுங்கள். பீரோவில் துணிக்கு நடுவே வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை கோலம் போடும்.

நாள் முழுக்க இருக்கிறது, மலையே தெரியவில்லை என்றால் அது புகைமூட்டம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, சுமத்ராவில் எரிந்தால் இங்கே வரும். தூரக் காட்சியை அன்று மறந்துவிட்டுக் கிட்டப் போய் எடுங்கள்.

விளக்கு போட்ட பிறகு கோடு கோடாக வருகிறது, படமும் ஆடுகிறது

கோடுக்குக் காரணம் கடை விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் நிறுத்தினால் கோடு போய்விடும். எழுத்து ஓடும் பலகைகளுக்கு மட்டும் இது பலிக்காது, அவை தம் இஷ்டத்துக்கு மினுக்குபவை.

ஆடுவதற்கு முக்காலி. இல்லாவிட்டால் ஐந்தடித் தூணில் தோளைச் சாய்த்து, ஐஎஸ்ஓவை 3200 வரை தாராளமாக ஏற்றுங்கள். மணல் மணலாக வந்த படத்தைப் பார்க்கலாம், ஆடிய படத்தை என்ன செய்வது? அஸ்தமனம் முடிந்து பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு வானத்தின் நீலமும் கடை விளக்கின் மஞ்சளும் சம எடையில் நிற்கும் நேரம் ஒன்று வரும். பத்து நிமிடம்தான். அப்புறம் வானம் கறுத்துவிடும், கேமராவை மூடிவிடலாம்.

எந்தப் படம் எந்த நேரத்தில் எடுத்தது என்றே தெரியவில்லை

கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். என்னுடையது சென்னைக்குப் போன உறவினர் வாங்கி வந்தது. இந்திய நேரத்திலேயே நான்கு மாதம் ஓடியிருக்கிறது. சுங்கை பூரோங் வரப்பில் நெல் மேல் வெயில் நடந்து வரும் என் நல்ல படம் ஒன்று விடியற்காலை 5:40-க்கு எடுத்ததாகச் சொல்கிறது. 5:40-க்குப் பாலிக் பூலாவில் சேவல்கூடக் கண் திறக்காது. இரண்டரை மணி நேரம் கூட்டிப் பார்த்தேன். 8:10. அடுத்த சனிக்கிழமை 8 மணிக்கே அந்த வரப்பில் நின்றேன், வெயில் சொன்னபடி வந்தது.